பார்வை இழந்த குதிரை இனி எங்கே வாழ வேண்டும்? ஐந்து வழிகளின் ஒப்பீடு

ஒரு குதிரைக்குப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, இனி அது திரும்பாது என்று கால்நடை மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்ட பிறகு, அதை வளர்ப்பவர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்: இனி அது எங்கே, யாரிடம் வாழப்போகிறது? இதற்குப் பொதுவாக ஐந்து வழிகள் உண்டு. இருக்கும் இடத்திலேயே வைத்துப் பராமரிக்கலாம். உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பராமரிப்பை மட்டும் வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். முழு உரிமையோடு தத்துக் கொடுத்துவிடலாம். இத்தகைய குதிரைகளை ஏற்கும் காப்பகத்தில் சேர்க்கலாம். வலியில்லாமல் உயிர் பிரியச் செய்யலாம். சந்தையிலோ ஏலத்திலோ விற்பதை ஆறாவது வழியாக நான் கணக்கில் எடுக்கவில்லை. சவாரிக்கும் வேலைக்கும் உதவாத குதிரை அங்கே இறைச்சி வணிகரின் கைக்குப் போய்ச்சேரும் வாய்ப்பு பல நாடுகளில் மிக அதிகம். அந்த இரைச்சலுக்கும் நெரிசலுக்கும் நடுவே எதையும் பார்க்க முடியாமல் நிற்பதே ஒரு குதிரைக்குப் பெருங்கொடுமை.

இடத்தைப் பற்றி யோசிக்கும் முன் வலியைப் பற்றி யோசிக்க வேண்டும். பார்வை இழப்பையும் கண்வலியையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பல முடிவுகள் தவறிவிடுகின்றன. உலகெங்கும் குதிரைகளின் பார்வையைப் பறிக்கும் நோய்களில் முதலிடம் வகிப்பது, விட்டுவிட்டுத் திரும்பவரும் கண்ணுள் அழற்சியாகும். மருத்துவர்கள் இதை யுவெய்ட்டிஸ் என்பார்கள். உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கண்ணின் உட்பகுதியைத் தாக்கும் நோய் இது. லெப்டோஸ்பைரா பாக்டீரியத் தொற்று பல குதிரைகளில் இதைத் தூண்டிவிடுகிறது. உடலில் புள்ளிகள் கொண்ட அப்பலூசா இனத்தில் இது மற்ற இனங்களைவிட மிகுதி; அந்த இனத்தில் வெளியே தெரியும்படி வலியோ சிவப்போ இல்லாமல், சத்தமின்றிப் பார்வையை அரித்துச் செல்லும் வகையும் உண்டு. மற்ற குதிரைகளில் அழற்சி எழும்போதெல்லாம் கண் சுருங்கும், நீர் வடியும், கண்மணி ஊசிமுனைபோல் குறுகிவிடும், குதிரை வெயிலைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அட்ரோபின் சொட்டு மருந்தால் கண்மணியை விரிய வைத்தும், ஸ்டீராய்டு சொட்டுகளாலும் ஊசி மருந்துகளாலும் அழற்சியை அடக்கியும், தேர்ந்தெடுத்த சில குதிரைகளுக்குக் கண்ணின் உறைகளுக்கிடையே சைக்ளோஸ்போரின் மருந்து வில்லையைப் பதித்தும் பல ஆண்டுகள் பார்வையைக் காக்க முடியும். ஆனால் கருவிழியில் புண் இல்லை என்று சாயச் சோதனையால் உறுதி செய்யாமல் ஸ்டீராய்டு சொட்டைத் தொடவே கூடாது. அட்ரோபின் குடலின் அசைவை மந்தமாக்கக்கூடும் என்பதால் சாணம் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பார்வை முற்றிலும் போன பிறகும் அந்தக் கண் வலித்துக்கொண்டிருக்கலாம். கண்ணழுத்த நோயில் கண் புடைத்து, உள்ளே அழுத்தம் ஏறி, தீராத வலியைக் கொடுக்கும். குதிரை அழுவதில்லை, முனகுவதுகூட அரிது. தீவனத்தில் ஆர்வம் குறைவதும், தலையைத் தாழ்த்தி ஓரமாக நிற்பதும், தொட வரும் கையைத் தட்டிவிடுவதும்தான் அதன் முறையீடு. பார்வையற்று, வலி மட்டும் மிஞ்சிய கண்ணை அறுவை செய்து அகற்றிவிடுவது பார்ப்பவருக்குக் கொடூரமாகத் தோன்றலாம். பல குதிரைகளுக்கு நிற்கும் நிலையிலேயே மயக்க ஊசியும் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியும் போட்டு இதைச் செய்துவிட முடிகிறது. பார்வை போனதால் மூர்க்கமாகிவிட்டது என்று கைவிடப்பட இருந்த குதிரை, கண் அகற்றப்பட்ட சில நாட்களிலேயே பழைய சாந்தத்துக்குத் திரும்பிவிடுவதுண்டு. ஆகவே வலி அடங்கிய பிறகு குதிரை எப்படி இருக்கிறது என்று பார்க்கும் வரை மேலே சொன்ன ஐந்து வழிகளில் எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. கடைசி வழியை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

எவ்வளவு பார்வை போயிருக்கிறது என்பதும் கேள்வியை மாற்றிவிடும். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், தலையை அசைக்காமலே தன்னைச் சுற்றி ஏறத்தாழ 350 பாகை வரை அதனால் பார்க்க முடியும். ஒரு கண் போனால் அதில் ஏறக்குறைய ஒரு பக்கம் முழுவதும் இருண்டுவிடுகிறது. தொலைவை அளக்கும் திறனும் குறைகிறது. ஆனாலும் ஒற்றைக் கண் குதிரைகள் பெரும்பாலும் சில மாதங்களில் தலையைச் சற்றே திருப்பிப் பிடித்து நடக்கக் கற்றுக்கொண்டு, சவாரிக்கும் போட்டிக்கும்கூடத் திரும்பிவிடுகின்றன. இடக்கண் இல்லாத பேட்ச் என்ற பந்தயக் குதிரை 2017-இல் கென்டக்கி டெர்பியில் ஓடியது. அதே ஆண்டு பெல்மான்ட் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. இத்தகைய குதிரைக்கு வீடு தேடுவது சாதாரணக் குதிரைக்குத் தேடுவதைவிடச் சற்றுக் கடினம், அவ்வளவே. குருட்டுப் பக்கத்திலிருந்து நெருங்கும்போது முதலில் குரல் கொடுக்க வேண்டும் என்பதைப் புதிய வீட்டார் பழகிக்கொண்டால் போதும். ஒரு கண்ணைக் கெடுத்த நோய் யுவெய்ட்டிஸாக இருந்தால் மட்டும், மற்றக் கண்ணும் பின்னர் பாதிக்கப்படலாம் என்பதைக் கொடுப்பவர் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இரவில் மட்டும் பார்வை இல்லாத குதிரைகளும் உண்டு. அது பிறவியிலேயே வரும், மோசமாகாத குறை. அந்தி சாயும் முன் லாயத்துக்குள் கொண்டுவந்துவிடும் எந்த வீடும் அதற்குப் பொருந்தும். இனிவரும் ஒப்பீடு, இரு கண்களும் போய்விட்ட அல்லது போய்க்கொண்டிருக்கிற குதிரையைப் பற்றியது.

அந்தக் குதிரை எதைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது என்று தெரிந்தால்தான் இடங்களை ஒப்பிட முடியும். காதுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே 180 பாகை வரை திரும்பக்கூடியவை, மூக்கு கூர்மையானது, முகவாயிலும் கண்ணைச் சுற்றியும் இருக்கும் நீண்ட உணர்முடிகள், மோதுவதற்கு முன்பே பொருளை உணர்த்திவிடும். சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு, உணர்முடி மழிக்கப்பட்ட குதிரைகள் தன் போட்டிகளில் பங்கேற்பதற்கு 2021 ஜூலை முதல் தடை விதித்திருக்கிறது. பார்வையற்ற குதிரையின் உணர்முடியை அழகுக்காக மழிப்பதோ அதன் வழியையே அழிப்பதாகும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அது தன் இடத்தை மனத்தில் வரைந்துவைத்திருக்கிறது. கொட்டிலின் வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு எத்தனை அடி, எந்த இடத்தில் தரை சரிகிறது, வேலி எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அந்த மனப்படமும், நம்பிப் பின்தொடர ஒரு துணையும் இருந்தால், பார்வையற்ற குதிரை மேய்கிறது, புரள்கிறது, நாலுகால் பாய்ச்சலில் ஓடக்கூடச் செய்கிறது. இரண்டில் ஒன்று போனாலும் கலங்கிவிடுகிறது. ஆகவே அன்பான மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைவிட, அன்றாடம் எங்கே மாறாமல் இருக்கிறது என்பதையே நான் முதன்மையான அளவுகோலாகக் கொள்கிறேன். அன்பு இல்லாத வீட்டில் அந்த ஒழுங்கும் நிலைக்காது என்பது உண்மைதான். அன்பு மிகுந்து, வாரம் ஒருமுறை வேலியையும் குதிரைக் கூட்டத்தையும் மாற்றிக்கொண்டிருக்கும் வீடு அதைவிட ஆபத்தானது.

இந்த அளவுகோலால் பார்த்தால், முதல் வழியான இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்வதுதான் பெரும்பாலான குதிரைகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட மேல். மனப்படம் ஏற்கெனவே இருக்கிறது, குரல்கள் பழகியவை, துணையும் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. செய்ய வேண்டிய மாற்றங்கள் பலர் அஞ்சுமளவுக்குப் பெரியவை அல்ல. முள்கம்பி வேலி இருந்தால் அதை எடுத்தாக வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. பலகையோ குழாயோ கொண்டு, கூர்மூலைகள் இல்லாமல் வளைவாகத் திரும்பும் வேலியே சிறந்தது. மெல்லிய மின்கம்பி மட்டும் கட்டிய வேலி, தொட்டு அதிரும் வரை எந்த எச்சரிக்கையும் தராது என்பதால், என் கருத்தில் அதைத் தனியே நம்பக் கூடாது. வேலிக்கு உள்பக்கமாகச் சில அடி அகலத்துக்குச் சரளைக்கல்லோ மரச்சீவலோ பரப்பிவிட்டால், குளம்பின் கீழ் தரை மாறுவதை உணர்ந்தே குதிரை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கண் உயரத்தில் நீட்டியிருக்கும் கிளைகளையும் ஆணிகளையும் வெட்டிவிட வேண்டும். தண்ணீரும் தீவனமும் ஒருபோதும் இடம் மாறக் கூடாது. தள்ளுவண்டியை ஒரு நாள் வழியில் நிறுத்திவைத்தாலும் அது விபத்துதான். பலத்த காற்று வீசும் நாட்களில் காதுகள் பயன்படாமல் போவதால், அன்று குதிரையைக் கொட்டிலுக்குள் வைத்திருப்பதே நல்லது. படி வருகிறது, நில், மெதுவாக, திரும்பு என்பவற்றுக்கு ஆளுக்கு ஒரு சொல் வைக்காமல், கையாளும் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும்.

துணை விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். குதிரைகள் ஒன்றையொன்று காது மடிப்பாலும் உடல் அசைவாலும் எச்சரித்துக்கொள்கின்றன. பார்வையற்றது அந்த எச்சரிக்கையைப் பார்க்க முடியாமல், விலகாமல் நின்று உதை வாங்கும். எனவே பெரிய மந்தையில் விடுவது தகாது; சாதுவான ஒரே ஒரு குதிரையோ, கழுதையோ, ஆடோ போதும். அதன் முகக்கயிற்றிலோ கழுத்திலோ ஒரு மணி கட்டிவிட்டால், பார்வையற்றது ஓசையைப் பின்தொடர்ந்து போகும். ஆனால் அந்தப் பிணைப்பு இறுகிவிட்ட பின், துணையைச் சவாரிக்காக அரைமணி நேரம் வெளியே கொண்டுபோனாலும் மற்றது வியர்த்துக் கொட்டிக் கனைத்தபடி வேலியை ஒட்டி வட்டமிடத் தொடங்கலாம். துணைக்குச் சவாரி, போட்டி, வெளியூர்ப் பயணம் எதுவும் இல்லை என்ற நிலையை ஏற்க முடியாதவர், வீட்டிலேயே வைத்துக்கொள்வதை நல்ல வழியாகக் கருதக் கூடாது. இந்த வழியின் மெய்யான விலை இதுதான். குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. 10 வயதில் பார்வை இழந்தால், அந்த ஒழுங்கை இன்னும் 15 ஆண்டுகளுக்கு மேல் காக்க வேண்டியிருக்கலாம்.

உரிமையை வைத்துக்கொண்டு வேறொருவரிடம் பராமரிக்கக் கொடுக்கும் இரண்டாம் வழி, தன்னால் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது. வேலைக்காக ஊர் மாறுபவர்கள், நிலத்தை இழப்பவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் இதை நாடலாம். செலவு முழுவதையும் தானே ஏற்று ஓய்வுக்கால லாயத்தில் விடுவதும் இந்த வகையில்தான் அடங்கும். இங்கே பராமரிப்பவர் மனம் மாறினாலோ, நோயுற்றாலோ, குதிரை மீண்டும் உரியவரிடம் வந்துவிடும். அது கை மாறிக் கை மாறிக் காணாமல் போவதில்லை. பலவீனம் என்னவென்றால், பாதிப் பொறுப்பு என்பதாலேயே பராமரிப்பவரும் பாதி மனத்தோடு இருந்துவிடலாம். நள்ளிரவில் வயிற்றுவலி வந்தால் மருத்துவரை அழைக்கும் அதிகாரம் யாருக்கு, அறுவைச் சிகிச்சையா கருணைக்கொலையா என்று யார் முடிவெடுப்பது, உரியவரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் என்ன செய்வது என்பவற்றை எழுத்தில் வைக்காமல் கொடுத்தால், அந்த இரவில் குதிரைதான் அவதிப்படும்.

முழுமையாகத் தத்துக் கொடுப்பது, வழிகளிலேயே மிக நல்லதாகவும் மிக மோசமாகவும் முடியக்கூடிய ஒன்று. ஏற்கெனவே பார்வையற்ற குதிரை வைத்திருந்தவர், அது போன பின் வெறுமையாகிவிட்ட இடத்தை நிரப்ப இன்னொன்றைத் தேடுகிறார் என்றால், அதைவிட நல்ல வீடு கிடைக்காது: வேலி இருக்கிறது, மணி கட்டிய துணை இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. மறுபுறம், இரக்கத்தின் வேகத்தில் முன்வருபவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் அல்லர், ஆனால் இரக்கம் ஒரு மழைக்காலத்துக்குள் களைத்துவிடக்கூடியது. இவர்களைப் பிரித்தறிய நான் நம்புவது பேச்சை அல்ல, அவர்களிடம் இப்போது இருக்கும் விலங்குகளை. போய்ப் பார்க்கும்போது குளம்புகள் எப்படி இருக்கின்றன, தண்ணீர்த் தொட்டி பாசி பிடித்திருக்கிறதா, வயதான குதிரை ஏதாவது அங்கே வாழ்கிறதா அல்லது எல்லாமே இளங்குதிரைகளா என்று கவனிக்க வேண்டும். அவர்களுடைய கால்நடை மருத்துவரிடமும் லாடம் அடிப்பவரிடமும் பேச வேண்டும். கண்ணியமான எவரும் அதற்கு மனம் கோணமாட்டார். குதிரையைக் கேட்பவர் அதன் வழக்கங்களைப் பற்றி எத்தனை கேள்வி கேட்கிறார் என்பதும் ஓர் அடையாளம். எப்போது கூட்டிப்போகலாம் என்பதை மட்டும் கேட்பவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

தத்து ஒப்பந்தத்தில் சில நிபந்தனைகள் தவறாமல் இருக்க வேண்டும்: குதிரையை வேறு யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது, வைத்திருக்க முடியாவிட்டால் கொடுத்தவரிடமே திருப்பித்தர வேண்டும், கொடுத்தவர் வந்து பார்க்கலாம். பெட்டைக்குதிரையானால் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டும். விபத்தில் கண்ணிழந்த பெட்டை, தன் குட்டியின் கழுத்தில் கட்டிய மணியின் ஓசையை வைத்து அதை வளர்த்துவிடக்கூடும். ஆனால் நோய்க்கு மரபுவழிச் சாய்வு இருக்குமென்றால் அதே இருட்டை இன்னொரு குட்டிக்குக் கொடுப்பதாகிவிடும். இந்த ஒப்பந்தங்கள் சட்டத்தின் முன் எந்த அளவு நிற்கும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். இருந்தாலும், கையெழுத்திடத் தயங்குபவரை முன்கூட்டியே அடையாளம் காட்டிவிடுவதால், எழுதிய அன்றே அவற்றின் பாதிப் பயன் கிடைத்துவிடுகிறது.

காப்பகம் என்றதும் மனம் நிம்மதியடைவது இயல்பு. நன்றாக நடத்தப்படும் காப்பகத்தில் அனுபவமுள்ள கைகள் இருக்கின்றன, மருத்துவர் வந்துபோகிறார், பார்வையற்ற இரண்டு குதிரைகளையோ பார்வையுள்ள துணையையோ இணைத்துப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பெரும்பாலான காப்பகங்கள் எப்போதும் நிரம்பியே இருக்கின்றன. இன்னொரு வீட்டில் துன்புறுத்தப்படும் குதிரைக்காக வைத்திருக்கும் கொட்டிலை, வசதியிருந்தும் ஒப்படைக்க வருபவருக்குக் கொடுக்க நேர்வது நியாயமாகாது. மந்தை அடிக்கடி மாறுவதும் பார்வையற்ற குதிரைக்கு ஒரு சுமை. சேர்க்கும் முன் அங்கே நேரில் போய், தாங்கக்கூடிய எண்ணிக்கையை மீறியும் விலங்குகளைச் சேர்த்துக்கொண்டே போகிறார்களா, வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்களா என்று பார்க்க வேண்டும். மறுக்கத் தெரியாத காப்பகம் ஒருநாள் எல்லா விலங்குகளோடும் சேர்ந்து கவிழும். ஏற்றுக்கொண்டால், குதிரையோடு அதன் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கையும் தொடர்ந்து கொடுப்பதே முறை.

வீட்டிலிருந்து அனுப்பும் வழி எதுவாயினும், எப்போது அனுப்புவது என்பது எங்கே அனுப்புவது என்பதற்கு நிகரான கேள்வி. பலர் முழுவதும் இருளும் வரை தாங்களே வைத்திருந்து, சமாளிக்க முடியாத கட்டத்தில் அனுப்புகிறார்கள். யுவெய்ட்டிஸ்போல் படிப்படியாக முன்னேறும் நோயில் இது தலைகீழான கணக்கு. நிழலாகவேனும் தெரியும் நாட்களில் போய்ச்சேர்ந்தால், புதிய இடத்தின் மனப்படத்தைக் கண்ணாலும் காலாலும் சேர்த்தே அது வரைந்துகொள்ளும். எப்படியும் அனுப்பத்தான் வேண்டும் என்று தெரிந்துவிட்டால், முன்னதாக அனுப்புவதே கருணை. அதுவும் ஒரே ஒருமுறை, முடிந்தால் துணையோடு சேர்த்து. துணையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, போன இடத்தில் குதிரை தேறவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. தலையில் அடிபட்டுத் திடீரெனப் பார்வை இழந்த குதிரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதை முதலில் பழகிய கொட்டிலிலேயே தேற விட்டு, பல மாதங்கள் கழித்தே இடமாற்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

போய்ச்சேர்ந்த முதல் நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதில்தான் பல தத்துகள் வெல்கின்றன அல்லது தோற்கின்றன. நேரே மேய்ச்சல் வெளியில் அவிழ்த்துவிடக் கூடாது. முதலில் கொட்டில், பிறகு அதை ஒட்டிய சிறு பட்டி, அதன் பிறகே பெரிய வெளி. கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு வேலியை ஒட்டி வலமும் இடமுமாக நடத்திக் கூட்டிப்போய், ஒவ்வொரு திருப்பத்திலும் பலகையைக் கையால் தட்டி ஓசை காட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டியை அடைந்ததும் கையை விட்டு நீரை அளைந்தால், தலையை உயர்த்தி விறைப்பாக நிற்கும் குதிரையின் காதுகள் இரண்டும் ஒன்றாக முன்னே திரும்பும். மூக்கு மெல்லத் தாழும். உணர்முடி நீரைத் தொட்டதும் ஒருமுறை பின்வாங்கி, மீண்டும் தாழ்ந்து, உதடு நனையக் குடிக்கத் தொடங்கும். அங்கிருந்து கொட்டிலுக்கும், கொட்டிலிலிருந்து அங்கேயும் தானே வழி தேடிப் போகும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதற்கு நேரமில்லாதவர் வீடு எவ்வளவு பெரியதாயினும் அது பொருந்தாத வீடுதான்.

கடைசி வழியான கருணைக்கொலையை நான் ஒதுக்கிவைக்கவில்லை. வலியை எந்த மருந்தாலும் அடக்க முடியாத குதிரைக்கும், துணையும் நேரமும் கொடுத்துப் பல மாதங்கள் பார்த்த பிறகும் ஓயாமல் வட்டமடித்து, எடை இழந்து, வேலியில் மோதிக் காயப்பட்டு, தன்னையும் கையாள்பவரையும் ஆபத்தில் தள்ளும் குதிரைக்கும் அதுவே நேர்மையான முடிவு. எல்லாக் குதிரைகளும் இருட்டை ஏற்றுக்கொள்வதில்லை. இளமையிலேயே பதற்றக் குணம் கொண்டவை பெரும்பாலும் அதிகம் திணறுகின்றன. தகுந்த வீடு எதுவும் கிடைக்காத நிலையில், யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதைவிடவும், பழகிய கொட்டிலில், பழகிய குரலைக் கேட்டபடி அது உயிர்விடுவது மேலானது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் குருட்டுக் குதிரைக்கு வாழ்வே இல்லை என்று முதல் நாளிலேயே சொல்பவரிடம், எண்டோ என்ற அப்பலூசா குதிரையைச் சொல்லலாம். யுவெய்ட்டிஸால் இரு கண்களும் அகற்றப்பட்ட அது, 2022-இல் 106 சென்டிமீட்டர் உயரத்தைத் தாவி, பார்வையற்ற குதிரைகளுக்கான கின்னஸ் சாதனையைப் படைத்தது. எல்லாக் குதிரையும் தாவ வேண்டியதில்லை. அமைதியாக மேய்ந்தாலே போதும்.

எனவே யாராவது கேட்டால் நான் சொல்லும் வரிசை இது: முடிந்தால் வீட்டிலேயே, முடியாவிட்டால் உரிமையை விடாமல் பராமரிக்கக் கொடுத்தல், பார்வையற்ற குதிரையை முன்பே வளர்த்தவர் கிடைத்தால் முழுத் தத்து, இடமும் பணமும் உள்ள காப்பகம், இவை எதுவும் இல்லையென்றால் அமைதியான மரணம். இந்த வரிசையை மாற்றக்கூடிய ஒரு காரணம் உண்டு. துணை விலங்கு முதுமையடைந்திருக்கும் வீட்டில் பார்வையற்ற குதிரை எந்த நாளும் தனித்து நிற்க நேரிடலாம். ஆகவே முதல் துணை நலமாக இருக்கும்போதே இரண்டாவதாக ஒன்றைப் பழக்கிவைக்க முடியுமா என்று வளர்ப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாது என்பது விடையானால், இரண்டு துணைகளை வைத்திருக்கும் அயல்வீடு சொந்த வீட்டைவிட நல்லதாகிவிடுகிறது. அப்படி அனுப்பும் நாளில், குதிரையோடு ஒரு தாளும் போக வேண்டும்: நிற்கவும் திரும்பவும் படியேறவும் பழக்கிய சொற்கள், எந்தப் பக்கத்திலிருந்து கயிறு மாட்டினால் பதறாது, கண்ணுக்கு இதுவரை கொடுத்த மருந்துகள், எந்தச் சத்தத்துக்கு அஞ்சும், எங்கே தடவிக்கொடுத்தால் அடங்கும். சொற்களை உச்சரிக்கும் விதமும் முக்கியம் என்பதால், பழைய வீட்டார் அவற்றைத் தம் குரலிலேயே பதிவு செய்தும் அனுப்பிவைக்கலாம்.